ஒட்டுப்போர்வைக்குள் திலகவதி

பனியன் கம்பெனிகளால் நிறைந்த எங்கள் ஊரில், வாய்க்கால் தோட்டம் மூன்றாவது வீதியில், ரங்கநாயகி டீச்சரின் கட்பீஸ் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை நடந்த தையல் வகுப்பில், மாசி மாதம் மூன்றாவது ஞாயிறன்று, திலகவதி ஒட்டுப்போர்வைக்கு அடியில் தூங்கிப்போனாள். ஆனி பிறந்தும் அவள் எழவில்லை. இதைச் சொல்லும் என் பெயர் வளர்மதி. அந்தப் போர்வையின் இடது ஓரத்தைத் தைத்தவள் நான்தான், அதனால் ஊரில் வேறு யார் சொல்வதையும்விட நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

எங்கள் ஊரில் இருபது வருஷம் கம்பெனியில் கிடந்தவளுக்குக்கூட ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியாது. ஒருத்திக்குக் கழுத்துப் பட்டி மட்டும், இன்னொருத்திக்குக் கை மூட்டுவது மட்டும், எனக்கு அடிமடிப்பு மட்டும். திலகவதிக்கு அதுவும் இல்லை, அவளுக்குக் கைமடி வேலை, அதாவது டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து மடித்து அடுத்த மெஷினுக்குக் கொடுக்கும் வேலை, அதற்கு உட்கார ஸ்டூல் கிடையாது, காலை எட்டரைக்கு நின்றால் ஷிப்ட் முடியும்வரை, ஒன்றரை ஷிப்ட் என்றால் ராத்திரி எட்டரைவரை, நின்றேதான் ஆக வேண்டும். ஆயுசில் ஒரு பொருளையாவது முதலிலிருந்து கடைசிவரை நம் கையாலேயே செய்து பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் நாங்கள் ஒன்பது பேர், வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளைக் கொண்டுபோய் டீச்சர் மாடியில் கொட்டினோம். திலகவதி வந்த காரணம் மட்டும் வேறு, இங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம்.

டீச்சர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது ஊசியில் நூல் கோப்பதை அல்ல. "உடம்புல போட்டிருக்கற துணியில மட்டும் ஊசி வெக்கக் கூடாது சாமி," என்றார். "பட்டன் அந்துபோனாலும் கழட்டிக் குடுத்துட்டுத் தெய்யுங்கோ. போட்டிருக்கறவளையும் சேத்துத் தெச்ச மாதிரி ஆயிரும், அப்புறம் அவளுக்கு நல்லது நடக்காது." எங்கள் அம்மாக்களும் இதையே சொல்லியிருந்தார்கள், ஆகவே நாங்கள் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தோம்.

ஜாக்கெட்டும் சுடிதாரும் முடிந்து, அந்த வருஷம் மலைப்பக்கம் விடுதி நடத்தும் யாரோ கேட்டார்கள் என்று டீச்சர் ஒட்டுப்போர்வை வகுப்பு ஆரம்பித்தார். மேலே கடையில் மிஞ்சிய கட்பீஸ் துண்டுகள், கீழே காடாத் துணி, நடுவில் பஞ்சுக்குப் பதில் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெளியேறும் பனியன் வேஸ்ட். அது மெத்தை கனம் வந்துவிட்டது, மேலே குத்திய ஊசியை மேலிருந்தே திருப்பி எடுக்க எந்தக் கைக்கும் வலு இல்லை. எனவே டீச்சர் இடுப்புயர மரச்சட்டம் ஒன்றில் போர்வையை இழுத்துக் கட்டி, தரையில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, ஒருத்தியைப் போர்வைக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலிருந்து வரும் ஊசியை வாங்கித் திருப்பி மேலே அனுப்பச் சொன்னார். அவளுக்குக் கீழாள் என்று பெயர். முகத்தில் நூலும் தூசியும் விழும், யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் ஒவ்வொரு வாரமும் "நானே படுத்துக்கறேனுங்க" என்று திலகவதி முந்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். படுத்துக்கொண்டு செய்யும் வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள்.

மாசி மூன்றாவது ஞாயிறு மூன்றரை மணிக்கு நான் அனுப்பிய ஊசி திரும்பி வரவில்லை. பக்கத்தில் ஜோதிமணி அனுப்பியதும் வரவில்லை. குனிந்து பார்த்தோம். திலகவதி, வாய் லேசாகத் திறந்திருக்க, இரண்டு கையிலும் இரண்டு ஊசியைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவள் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவள், அதற்கு மேல் வீட்டில் ஒரு புருஷன், சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு உட்கார்ந்துவிட்டவன், இருமி இருமி அவள் தூக்கத்தையும் தின்கிறவன். எழுப்பு என்றாள் ஒருத்தி. எங்களில் யாருக்கும் கை வரவில்லை. "தூங்கட்டும் உடுங்க, பாவம்," என்று டீச்சரே சொல்லி, ஊசிகளை மெதுவாக உருவிவிட்டு, சட்டத்தின் கால்களைக் கழற்றி, முகம் வெளியே இருக்கும்படி போர்வையை அவள்மேல் இறக்கினார். நாங்கள் சத்தம் போடாமல் சுற்றி உட்கார்ந்து ஓரத்தைத் தைத்தோம். இது அவள் போட்டிருக்கும் துணி இல்லை, வெறுமனே அவள்மேல் கிடக்கிற துணி, அதனால் தப்பில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஐந்து மணிக்குப் போர்வையைத் தூக்கியபோது ஜமுக்காளமும் கூடவே வந்தது. நீள ஊசி அதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாலு பக்கமும் தைத்த தலையணை உறைக்குள் பஞ்சு இருப்பதுபோல் திலகவதி உள்ளே இருந்தாள். பிரிக்கலாம் என்று டீச்சர் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்தார். அப்போது திலகவதி ஒரு பெருமூச்சு விட்டாள்; அவ்வளவு சுகமான ஒரு மூச்சை நாங்கள் யாரும் விட்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வண்டி கீழே நின்று நாலு தடவை ஹாரன் அடித்தும் அவள் எழவில்லை. உலுக்கினோம், தண்ணீர் தெளித்தோம், அவள் பெண் கோபிகா காதோரம் குனிந்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். சரி, தையலைப் பிரித்தால்தான் ஆகும் என்று டீச்சர் டிரிம்மரோடு மண்டியிட்டு, பிடிமானத்துக்காகப் போர்வைமேல் தலையைச் சாய்த்தவர், சாய்த்தபடியே கண்ணயர்ந்தார். ஐந்து நிமிஷம்தான். எழுந்து உட்கார்ந்தபோது அவர் கண்ணைச் சுற்றிப் பல வருஷமாக இருந்த கறுப்பு போயிருந்தது. "அப்பிடியே கல்யாணத்துக்கு முந்தி தூங்கின மாதிரி இருக்குதுங் வளர்மதி," என்றார், குரலே மாறிவிட்டது. அடுத்து நான் தலை வைத்தேன். அதை எப்படிச் சொல்வது? விடிந்தும் யாரும் எழுப்பாத ஒரு முழு ராத்திரியை ஐந்து நிமிஷத்தில் மடித்து என்னிடம் கொடுத்ததுபோல் இருந்தது. அன்றைக்குப் பிறகு டிரிம்மர் என்ற பேச்சை எங்களில் யாரும் எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் வீதி முழுக்கத் தெரிந்துவிட்டது, இரண்டு வாரத்தில் தோட்டம் முழுக்க. காலை வண்டி வருவதற்கு முன் ஒரு வரிசை, சாயங்காலம் வண்டி இறக்கிவிட்ட பின் ஒரு வரிசை, ஆளுக்கு ஐந்து நிமிஷம், துணித் துண்டில் சாக்பீஸால் நம்பர் எழுதிய டோக்கன். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முதுகில் தட்டுவார். சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்து, நாடி நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது, இது தூக்கம்தான், இதற்கு வைத்தியம் கிடையாது என்று சொன்னார். சொல்லிவிட்டு, தனக்கு மூன்று நாளாகத் தொடர்ந்து டூட்டி என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார், புரிந்துகொண்டு அவருக்கு டோக்கன் இல்லாமலே இடம் விட்டோம். திலகவதி சாப்பிடவும் இல்லை, இளைக்கவும் இல்லை. ரேஷனுக்குக் கைரேகை வேண்டும் என்றபோது ஓரத்தில் இரண்டு தையலை மட்டும் தளர்த்தி அவள் கட்டைவிரலை வெளியே எடுத்தோம், ரேஷன் கடைக்காரர் மெஷினோடு மாடியேறி வந்தார், மெஷின் அவளை உடனே அடையாளம் கண்டு சர்க்கரையும் அரிசியும் போடச் சொன்னது. கம்பெனி சூப்பர்வைசர் செல்வக்குமார் கோபமாக ஏறி வந்து, "இதென்னம்மா லீவு சொல்லாம?" என்று கத்த ஆரம்பித்து, கத்திக்கொண்டே தலை வைத்து, எழுந்தபின் ரொம்ப மரியாதையாக, "முழிச்சாங்கன்னா சொல்லி உடுங்க," என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்.

தோட்டத்தில் சண்டை குறைந்தது. ஊசி விரலில் ஏறுவது குறைந்தது. குழந்தைகளை அடிப்பது குறைந்தது. நன்றி கெட்டவர்கள் இல்லை நாங்கள், திலகவதி வீட்டுக்கு முறை வைத்துச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினோம், அவள் புருஷனுக்கு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அவளுக்காக ஒருத்தியும் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் எழுந்துவிடக் கூடாது என்று உள்ளுக்குள் எல்லாரும் வேண்டிக்கொண்டோம், நானும்தான்.

அவள் எழ வேண்டும் என்று நினைத்தது கோபிகா ஒருத்திதான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அந்த மாடியில்தான், அம்மாவின் கால்மாட்டில், வரிசையில் நிற்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒடுங்கி உட்கார்ந்து படித்தாள். வைகாசியில் ரிசல்ட் வந்தது. நானூற்று எழுபத்தாறு. அவள் முதலில் சொன்னது தூங்குகிற அம்மாவிடம். பிறகு எங்களிடம் வந்து, "டீச்சர், பதினொண்ணாவதுல கணக்கு குரூப்பு கெடைக்கும்னு ஹெச்செம் சொன்னாங்க. அம்மாளப் பிரிச்சு உட்டீங்கன்னா தேவலைங்க," என்றாள்.

அவள் நிலைமை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அம்மா எழுந்தால் அம்மா கம்பெனிக்குப் போவாள், பெண் பள்ளிக்கூடம் போவாள். அம்மா எழாவிட்டால் அந்தக் காலியிடத்தில் கோபிகா போய் நிற்க வேண்டும், செல்வக்குமார் ஏற்கெனவே அவள் அப்பாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். வைகாசி ஆனதும் நாங்கள் கொடுத்தனுப்பிய சோறும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆகிவிட்டது, எங்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் திறக்கிற செலவு. இதெல்லாம் தெரிந்தும் டீச்சர், "உசுரோட தெச்சதப் பிரிச்சா என்ன ஆகுமோ, பயமா இருக்குது கண்ணு. இன்னொரு வாரம் பாக்கலாம்," என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். பயம் என்பது பொய் இல்லை, ஆனால் அது எங்கள் தூக்கத்தைப் பற்றிய பயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வைகாசிக் கடைசியில் நான் தலை வைத்து எழுந்தபோது திலகவதியின் முகத்தைப் பார்த்தேன். மாசியில் இருந்த அந்த நிம்மதி இல்லை. புருவம் சுருங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது, நின்றுகொண்டே வேலை செய்கிறவளின் முகம் அது. பார்த்தேன், படியிறங்கி வந்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

ஆனி முதல் ஞாயிறு வகுப்புக்கு நாங்கள் போனபோது கோபிகா எங்களுக்கு முன்னாலேயே மாடியில் இருந்தாள். மறுநாள் அட்மிஷன் கடைசி நாள். அவள் கையில் டீச்சரின் டிரிம்மர். "யாரும் கிட்ட வராதீங்க," என்று சொல்லவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, நான் தைத்த இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டு போனாள். டீச்சர் ஒரு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். ஓரம் முழுக்கப் பிரிந்ததும் அவள் போர்வையை மடக்கி எறிந்தாள்.

திலகவதி கண்ணைத் திறந்தாள்.

"வண்டி வந்துருச்சா?" என்றாள்.

"இல்லம்மா." கோபிகா அழுதுகொண்டே சிரித்தாள். "அம்மா, நானூத்தி எழுவத்தாறும்மா. கணக்கு குரூப்பு தர்றேங்கறாங்க. நாளைக்குள்ள சேரோணும்."

திலகவதி மகளின் கன்னத்தைத் தடவினாள். சந்தோஷம்தான் அது, அந்த முகத்தில் சந்தோஷம் வந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், ஆனால் அந்தக் கை கன்னத்தில் நிற்க வலுவில்லாமல் வழுக்கி மடியில் விழுந்தது. "என்ற சாமி," என்றாள். "எந்திரிச்சறேன் கண்ணு. இப்பத்தான் கண்ண மூடினேன், அதுக்குள்ள எழுப்பிட்டியா. சித்தே இரு, எந்திரிச்சறேன்."

முழங்கையை ஊன்றினாள். பாதி எழுந்தாள். அவள் கால் வீங்கியிருந்தது, மாசியில் ஆறு நாள் நின்று வந்த அதே வீக்கம், அதே பச்சை நரம்பு. மூன்றரை மாதம் தூங்கியவளுக்கு ஒரு நாள் அசதிகூடப் போகவில்லை. "இப்பத்தான கண்ண மூடினேன்," என்று திரும்பவும் சொல்லிவிட்டு, எழ முடியாமல் அவள் அழுதாள். வலிக்கிறது என்று அழுதால்கூடத் தாங்கியிருப்போம், சின்னக் குழந்தையைத் தூக்கத்தில் எழுப்பினால் அழுமே, அப்படி அழுதாள்.

கோபிகா அம்மாவின் காலைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தாள், கறுப்பில்லாத எங்கள் கண்களை, தெளிந்த எங்கள் முகங்களை, ஒவ்வொருத்தியாக. கணக்கில் நூறு வாங்கிய பெண், அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது.

"நீ தூங்கும்மா," என்றாள் அவள்.

"வேலைக்கு?"

"நா பாத்துக்கறேன். நீ தூங்கு."

திலகவதி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், சொல்லி முடிப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. கோபிகா போர்வையை இழுத்து மூடினாள், ஊசி எடுத்தாள், நாங்கள் சொல்லிக்கொடுக்காமலே வாராவாரம் பார்த்துக் கற்றுக்கொண்ட தையலை, எங்களில் யாருக்கும் வராத சின்னச் சின்னத் தையலாக, பிரிக்க வருகிறவளின் டிரிம்மர் முனைகூட நுழையாத நெருக்கமாக, இடது ஓரத்தின் கடைசிவரை போட்டு முடித்தாள். முடித்துவிட்டுச் சொன்னாள்: "இனிமே யாரும் அம்மா மேல தல வெக்காதீங்க. ஒருத்தரும் வெக்காதீங்க."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நான் கூட வந்து கையெழுத்துப் போடறேன் கண்ணு, நீ சேர்ந்துரு," என்றார்.

"சேந்துரலாங்க. அம்மாளுக்குப் பதுலா யாருங்க டீச்சர் போயி நிப்பாங்க?"

நாங்கள் எட்டுப் பேர் அங்கே இருந்தோம், டீச்சரோடு ஒன்பது. வாரத்தில் ஆளுக்கு ஒரு ஷிப்ட் பார்த்துக் கொடுத்திருந்தால்கூடப் போதும். தரையில் இறைந்து கிடந்த வெட்டிய நூல்களைப் பொறுக்குவதுபோல் எல்லாரும் குனிந்துகொண்டோம்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்குக் கோபிகா வண்டியில் ஏறினாள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அம்மாவின் அடையாள அட்டை. செல்வக்குமார் அவளைத் திலகவதி நின்ற இடத்திலேயே நிறுத்தினார். மெஷின் தள்ளுவதை எடுத்து மடித்து, எடுத்து மடித்து, முதல் நாள் மதியமே அவள் ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்கக் கற்றுக்கொண்டாள்.

இரண்டு ஞாயிறு யாரும் போர்வையைத் தொடவில்லை. டோக்கன் துணிகளை டீச்சர் அடுப்பில் போட்டார். எங்கள் பழைய அசதி எங்களிடமே திரும்பி வந்தது, வட்டியும் முதலுமாக வந்தது, என் ஊசி என் விரலிலேயே ஏறியது, நான் என் மகனை அடித்தேன். ஆனாலும் மாடிக்குப் போனால் திலகவதியின் புருவம் நிமிர்ந்திருந்தது, கண்ணுக்குக் கீழே நீலம் கரைந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் அவள் தானாகவே எழுந்துவிடுவாள் என்று டீச்சர் சொன்னார், நாங்களும் நம்பினோம்.

மூன்றாவது ஞாயிறு கோபிகா தாமதமாக வந்தாள். அந்த வாரம் சரக்கு அவசரம் என்று ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட். படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காலைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, அம்மாவின் வயிற்றுப் பக்கம், தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து நிமிஷம் கழித்து அவள் எழுந்தபோது முகம் சின்னப் பிள்ளை முகம்போல் தெளிந்திருந்தது. திலகவதியின் புருவம் மறுபடியும் சுருங்கியிருந்தது. கோபிகா அதைப் பார்த்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகு நான் போய்த் தலை வைத்தேன்.